களைக்குத் தெரியுமா நிதியாண்டு?

வேளாண்மை, சுற்றுச்சூழல், உயிரியல் துறைகளில் முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு "ஆராய்ச்சி வாய்ப்புகள்" என்று பத்திரிகைகளின் கல்வி மலரில் அவ்வப்போது ஒரு பட்டியல் வரும். பார்த்திருப்பீர்கள். பேத்தியோ, மருமகனோ, தம்பி மகளோ அந்தப் படிப்பு படித்திருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருப்பீர்கள். எனக்கு அந்தத் தலைப்பைப் பார்த்தாலே "வாய்ப்பு" என்ற சொல்லில் கண் நின்றுவிடும். அந்தச் சொல்லின் மேல் எனக்குள்ள கோபத்தை இன்று எழுதித் தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல. கொங்கு நாட்டில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் பில் போட்டு, கோப்பு தள்ளி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்தக் கதை எல்லா இடத்துக்கும் பொதுவானது. மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மண்ணை ஆராய்பவர்களுக்கு எந்த மாதம் பணம் வந்தது, எந்த மாதம் வரவில்லை, எத்தனை பேர் நடுவில் போய்விட்டார்கள் என்பது தெரியும். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. டாக்டர் பட்டம் வாங்கியபின், நிரந்தர வேலை கிடைக்கும்வரை ஒரு மூத்த விஞ்ஞானியின் கீழ் இரண்டு மூன்று வருடம் ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்வதற்குப் பெயர் "போஸ்ட் டாக்". நம் மத்திய அரசுத் திட்டங்களில் "ரிசர்ச் அசோசியேட்" என்றும் ஒரு பெயர் உண்டு. படிப்பு முடிந்துவிட்டது, ஆகவே மாணவர் இல்லை. சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது, ஆகவே ஊழியரும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் இவர்களுக்குப் பணம் போகும் கணக்குத் தலைப்பே வேறு. சம்பளம் என்று எழுதக்கூடாது, "உதவித்தொகை" என்றுதான் எழுத வேண்டும். உதவித்தொகை என்றால் வருங்கால வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, பணிக்காலத்தில் சேராது. முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருக்கும் ஒரு டாக்டருக்கு நாடு கொடுப்பது உதவி. அவர் கொடுப்பது வேலை. இந்தக் கணக்கு எனக்கு அன்றும் ஒத்துவரவில்லை, இன்றும் ஒத்துவரவில்லை.

பணம் குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. 2014-இல் இந்த அசோசியேட்களின் தொடக்கத் தொகை மாதம் 36,000 ரூபாய். 2019-இல் 47,000. 2023 ஜூனில் வந்த ஆணைப்படி 58,000. வீட்டு வாடகைப் படி தனி. நம்மில் பலர் ஓய்வு பெறும்போதுகூட அவ்வளவு வாங்கவில்லை. 2014-இலும் 2019-இலும் ஆய்வாளர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் தொகை ஏறியது என்பதை மட்டும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். என் சண்டை தொகையோடு இல்லை. இரண்டு வருடம் என்ற அந்தக் கெடுவோடுதான்.

எந்தத் துறைக்கு இந்த இரண்டு வருடம் பொருந்தினாலும் வயலுக்குப் பொருந்தாது. நம் பக்கத்து மழைநிலச் சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி மழைக்கு விதைக்கிறோம், தையில் அறுக்கிறோம். வருடத்துக்கு ஒரு வெள்ளாமை. இரண்டு வருட ஒப்பந்தக்காரருக்குக் கிடைப்பது இரண்டே வெள்ளாமை. அதிலும் சேர்ந்த முதல் மூன்று நான்கு மாதம் கருவி வாங்கவும் கொட்டேஷன் கேட்கவும் போய்விடும். கடைசி நான்கு மாதம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போடவே சரியாக இருக்கும். நடுவில் ஒரு வருடம் வானம் பொய்த்தால் மிச்சம் ஒரே வெள்ளாமை. ஒரு வெள்ளாமையை வைத்துக்கொண்டு எந்த விவசாயியாவது "இந்த உரம் நல்லது" என்று தீர்ப்பு சொல்வாரா? சொன்னால் ஊர் சிரிக்காதா?

ஈரோட்டு மஞ்சளுக்கு ஒன்பது மாதம். தென்னைக்கு எத்தனை வருடம் என்று பொள்ளாச்சிக்காரர்களிடம் கேளுங்கள். ஒரு புது நெல் ரகம் ஒட்டுச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, நிலையத்தில் சோதித்து, பல ஊர்களில் சோதித்து, கடைசியில் விவசாயிகளின் வயலில் சோதித்து வெளிவர எட்டு முதல் பத்து வருடம் ஆகும். மண்ணில் கரிமச்சத்து ஏறியதா இறங்கியதா என்று நம்பிச் சொல்ல அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும்.

இதை நம் முன்னோர் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று உண்டு. அதே பாத்திக்கு அதே எரு, அதே பாத்திக்கு அதே உரம் என்று நூறு வருடத்துக்கு மேல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் வயல் அது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஊரில் 1843-இல் இருந்து இப்படி ஒரு கோதுமை வயலை வைத்திருக்கிறார்கள். இந்த வயல்களைத் தொடங்கியவர்கள் அதன் முழுப் பலனைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் தொடங்கினார்கள்.

அதே கோவையில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நல்ல கரும்பைக் காட்டு நாணலோடு ஒட்டுச் சேர்த்தார்கள். கோ 205 என்ற அந்தக் கரும்பு வெளிவந்தது 1918-இல். ஆறு வருடம். இன்றைய ஒப்பந்த முறை அன்று இருந்திருந்தால் 1914-லேயே "உங்கள் காலம் முடிந்தது, நன்றி" என்று வெங்கட்ராமனுக்கு ஒரு குறிப்பாணை போயிருக்கும். தட்டச்சு செய்து அனுப்பியவன் என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாவாக இருந்திருப்பான்.

இரண்டு வருடக் கெடு வைத்தால் என்ன நடக்கும்? கெட்டிக்காரப் பிள்ளைகள் வயலை விட்டுப் போய்விடுவார்கள். இரண்டு வருடத்தில் முடிகிற கேள்வியாகப் பார்த்து எடுப்பார்கள். கண்ணாடிக் கூண்டில் தொட்டிச் செடி, சோதனைக் குழாய், கணினி. அவையும் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாட்டின் கேள்விகள் எல்லாம் இருபத்துநான்கு மாதத்துக்குள் அடங்குபவை அல்ல. நிலத்தடி நீர், உப்புப் பாய்ந்த மண், மழை மாறிப்போன பருவம், தேனீ குறைவது என்று எதை எடுத்தாலும் பத்து வருடம் ஒரே இடத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2012 ஜூலையில் ஒரு பெண் எங்களிடம் சேர்ந்தார். மண்ணியலில் டாக்டர். அப்பா கைத்தறி நெசவாளி. மத்திய அரசுத் திட்டம் ஒன்றில் இரண்டு வருடம், அப்போது மாதம் 22,000 ரூபாய். மழைநிலச் சோளக்காட்டில் சோளத்தட்டை மண்ணிலேயே மடக்கி விட்டால் ஈரம் எத்தனை நாள் கூடுதலாக நிற்கிறது என்பது அவருடைய கேள்வி. நமக்கு எவ்வளவு வேண்டிய கேள்வி என்று சொல்லத் தேவையில்லை. 2012-இல் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பொய்த்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும். முதல் வெள்ளாமை மாட்டுத் தீவனமாகக்கூடத் தேறவில்லை. போகட்டும், அது வானத்தின் செயல்.

இரண்டாம் வருடத்துப் பணம் 2013 ஜூலையில் வரவேண்டும். அது வருவதற்கு முதல் வருடச் செலவுக்குப் பயனீட்டுச் சான்றிதழ் போக வேண்டும். எங்கள் மேஜையில் இருந்து அது இரண்டே நாளில் போயிற்று. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. படிவம் மாறிவிட்டதாம், புதுப் படிவத்தில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். வட்டி எவ்வளவு வந்தது என்று தனியாகக் காட்டவில்லை என்று மறுபடி வந்தது. காட்டினோம். பிறகு நிதி இல்லை, துணை மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறோம் என்று பதில். கடைசியில் பணம் வந்தது டிசம்பர் மாத இறுதியில். ஆறு மாதம் அந்தப் பெண்ணுக்கு ஒரு பைசா கிடையாது.

இதற்கு நடுவில் புரட்டாசி வந்துவிட்டது. விதைத்தாயிற்று. இருபத்தைந்து நாளில் களை எடுக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், நாளைக்குச் சனிக்கிழமைங்க. களை எடுத்தவங்களுக்குக் கூலி கொடுக்கோணும். ஏதாச்சும் முன்பணம் போட முடியுங்களா?"

"கணக்கில் இருப்பு இல்லையேம்மா. இருப்பு இல்லாமல் முன்பணக் கோப்பு மேலே போகாது."

"களைக்குத் தெரியுங்களா சார், நிதியாண்டு?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார். ஆறு பெண்கள், ஆளுக்கு 200 ரூபாய் கூலி, ஐந்து நாள் வேலை. மொத்தம் 6,000 ரூபாய். விடுதித் தோழிகளிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தார். கைரேகை வைத்த வவுச்சர்களைப் பத்திரமாக வைத்திருந்து, பணம் வந்தபின் பில் போட்டார். நிதி விடுவிக்கப்படுவதற்கு முன்பு செய்த செலவு என்று தணிக்கையில் அதை ஏற்கவில்லை. இந்திய அரசின் ஆராய்ச்சி வயலுக்கு ஒரு நெசவாளி மகள் சொந்தக் காசில் களை எடுத்தார் என்பது அந்த வருடத்துக் கணக்குப் புத்தகத்தில் எங்கும் இல்லை. இங்கேயாவது இருக்கட்டும்.

2014 ஜூனில் காலம் முடிந்தது. கையில் ஒரே ஒரு வெள்ளாமையின் புள்ளிவிவரம். இன்னும் இரண்டு வருடம் இருந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும் என்று நீட்டிப்புக்கு எழுதினார். திட்டத்தில் இடமில்லை என்று ஒருவரிப் பதில் வந்தது. இன்று அவர் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் இருக்கிறார். அங்கேயும் மானாவாரிச் சோளம் உண்டு. நம் காட்டில் தொடங்கிய கேள்விக்கு அந்த ஊர்க் காட்டில் பதில் தேடுகிறார். பதில் கிடைத்தால் அந்த ஊர் விவசாயிக்கு முதலில் தெரியும். நமக்கு எப்போது தெரியுமோ, தெரியாது.

அந்தப் பெண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பொதுவாக ஒரு கணக்குப் போடுவோம். கணக்குதானே என் தொழில்.

இன்றைய விகிதப்படி தேசியத் தேர்வு எழுதி உதவித்தொகை பெறும் ஓர் ஆய்வு மாணவருக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். அடுத்த மூன்று வருடம் மாதம் 42,000. ஐந்து வருடத்துக்கு 24 லட்சம் ரூபாய். வாடகைப் படி, ஆய்வகச் செலவு, வழிகாட்டியின் நேரம் எதுவும் இதில் சேரவில்லை. ஆக, 24 லட்சம் கொட்டி ஓர் ஆளை உருவாக்குகிறோம். அதன்பின் அவருக்கு ஐந்து வருடம் உறுதியாக வேலை கொடுத்தால், 58,000 வீதம் ஏறத்தாழ 35 லட்சம். அந்த 35 லட்சம் இல்லை என்று சொல்லி, போட்ட 24 லட்சத்தையும் விமானம் ஏற்றி அனுப்புகிறோம். கிணறு வெட்டியாயிற்று, மோட்டார் வாங்கக் காசில்லை என்று பக்கத்துத் தோட்டக்காரனுக்குத் தண்ணீரை விடுவது போலத்தான் இது.

வயது வரம்பு அடுத்த அநியாயம். தேசிய அளவில் பெயர் பெற்ற போஸ்ட் டாக் திட்டத்தில் வயது வரம்பு 35. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு. நியாயம்தானே என்று தோன்றும். வேளாண் பட்டம் நான்கு வருடம், முதுகலை இரண்டு, முனைவர் பட்டம் நான்கு அல்லது ஐந்து. எங்கும் தங்காமல் ஓடினாலே இருபத்தொன்பது ஆகிவிடும். நடுவில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை கல்யாணம், இரண்டு வருடம் தனியார் கல்லூரியில் வேலை என்றால் முப்பத்திரண்டு. நகரத்தில் பிறந்து வழியில் எதுவும் தடுக்காமல் வந்த பிள்ளைக்கு 35 போதும். கிராமத்தில் இருந்து தட்டுத் தடுமாறி வருகிறவருக்குத்தான் அந்த வரம்பு கழுத்தில் விழுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் மேரி கியூரி பெயரில் நடத்தும் போஸ்ட் டாக் திட்டத்தில் வயது வரம்பே கிடையாது. டாக்டர் பட்டம் வாங்கி எட்டு வருடத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு முறையான வேலை ஒப்பந்தமும் சமூகப் பாதுகாப்பும் உண்டு. நாம் பிறந்த தேதியைப் பார்க்கிறோம், அவர்கள் ஆராய்ச்சியின் வயதைப் பார்க்கிறார்கள்.

போஸ்ட் டாக் முடிந்தபின் என்ன என்று கேட்பீர்கள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்க பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிகளில் ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. போஸ்ட் டாக் அனுபவத்துக்கு வருடத்துக்கு 2 மதிப்பெண். இரண்டு வருடம் வெயிலில் நின்றதற்கு 4 மதிப்பெண். அதை எடுத்துக்கொண்டு போனாலும் நிரந்தர இடம் எங்கே இருக்கிறது? நம் மாநில அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய். மானியக் குழு 2019-இல் சொன்ன உச்சத் தொகை 50,000. அதில் பாதியைக் கொடுத்துவிட்டு "கௌரவம்" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இனி நான் வழக்கமாகக் கேட்கும் எதிர்வாதங்களுக்கு வருகிறேன். காலை நடைப்பயிற்சியில் என்னோடு வரும் நண்பர்கள் சொல்பவைதான்.

"அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் வெளிநாடு போனாலும் திரும்பி வந்தார்களே, இந்தத் தலைமுறைக்கு நாட்டுப்பற்று இல்லை" என்கிறார் ஒருவர். வந்தார்கள், உண்மைதான். எம்.எஸ். சுவாமிநாதன் கோவையில் படித்தவர். கேம்பிரிட்ஜில் 1952-இல் டாக்டர் பட்டம் வாங்கி, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் போஸ்ட் டாக் இருந்தார். அங்கேயே ஆசிரியர் வேலை தருவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டு 1954-இல் திரும்பினார். முதலில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலைதான். ஆனால் அதே 1954 முடிவதற்குள் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. தற்காலிகம் சில மாதங்களில் முடிந்தது. பிறகு நடந்தது நாட்டுக்கே தெரியும். ஜானகி அம்மாள் கோவைக் கரும்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். பிறகு இங்கிலாந்தில் பல வருடம் இருந்தார். தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்க நேரு அழைத்து 1951-இல் வந்தார். அழைத்தார்கள், உட்கார நாற்காலியும் போட்டார்கள், வந்தார்கள். இன்று நாற்காலி போடாமல் "வா வா" என்கிறோம். தற்காலிகம் அன்று சில மாதம், இன்று நாற்பது வயதுவரை. இதில் நாட்டுப்பற்று எங்கே குறைந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

"வெளிநாட்டில் மட்டும் பாலாறும் தேனாறும் ஓடுகிறதா?" என்கிறார் இன்னொருவர். ஓடவில்லை. 2022-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் போஸ்ட் டாக்குகளும் ஆய்வு மாணவர்களும் சேர்ந்து 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கேயும் சுரண்டல் உண்டு. ஆனால் அங்கே அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது, பேச்சுவார்த்தை மேஜை இருந்தது. நம் பிள்ளைகள் ஊழியரே இல்லை என்னும்போது யாரோடு பேச்சுவார்த்தை நடத்துவார்கள்?

"ஏழை நாடு, பணத்துக்கு எங்கே போவது?" இது மூன்றாமவர். நாட்டு வருமானத்தில் நூறு ரூபாய்க்கு 64 பைசாதான் நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறோம். 2020-21 கணக்கு இது. சீனா இரண்டு ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது, கொரியா நான்கு ரூபாய்க்கு மேல். 2023-இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று சட்டம் போட்டு ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே இருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. தனியார் கம்பெனி விற்கக்கூடிய விதைக்குப் பணம் போடும். சோளத்தட்டை மடக்கி விட்டால் ஈரம் நிற்குமா என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்? அதில் விற்க ஒன்றும் இல்லையே. இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் அரசு என்று ஒன்று வேண்டும்.

"இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவரும் உண்டு. அவரைச் சேலம் பக்கம் கூட்டிப் போக வேண்டும். 2020-இல் கேரளத்தில் மரவள்ளியில் ஒரு புதிய மாவுப்பூச்சி தென்பட்டது. பிறகு நம் ஜவ்வரிசி மாவட்டங்களுக்கும் வந்து குருத்தைக் கருக்கியது. மருந்து அடித்து மாளவில்லை. 2021-இல் பெங்களூரில் உள்ள மத்தியப் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து வளர்த்தது. 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதை விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை ஒழிக்கும் குளவி அது.

அந்தக் குளவி ஆப்பிரிக்காவுக்கு எப்படிப் போயிற்று? 1970-களில் அங்கே இதே பூச்சி மரவள்ளியை அழித்தது. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து இளைஞர் டாக்டர் பட்டம் முடித்து, அமெரிக்காவின் பெர்க்லியில் போஸ்ட் டாக் இருந்து உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டைக் கற்றவர். 1979-இல் நைஜீரியாவில் உள்ள ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். பூச்சி எந்த ஊரில் இருந்து வந்ததோ அந்த ஊரில்தான் அதன் எதிரியும் இருக்கும் என்று தேடினார்கள். 1981-இல் தென் அமெரிக்காவின் பராகுவேயில் குளவி அகப்பட்டது. ஆப்பிரிக்காவின் மரவள்ளி பிழைத்தது. 1995-இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். போஸ்ட் டாக் இருந்த ஓர் இளைஞனுக்கு அடுத்து நின்று தேட ஓர் இடம் கிடைத்ததால், நாற்பது வருடம் கழித்து ஏத்தாப்பூருக்குக் குளவி வந்தது. லாபம் எங்கே என்று இனியும் கேட்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்? என் சிற்றறிவுக்கு மூன்று தோன்றுகிறது. வயலிலும் காட்டிலும் நீர்நிலையிலும் செய்யும் ஆராய்ச்சிக்குப் போஸ்ட் டாக் காலம் குறைந்தது ஐந்து வருடம் இருக்க வேண்டும். நிதி விடுவிப்பு எப்போது வந்தாலும் மாதம் முதல் தேதி பணம் கையில் விழும்படி நிறுவனத்திடம் ஒரு சுழல்நிதி இருக்க வேண்டும். முப்பத்தோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், இது முடியாத காரியமே இல்லை. எங்கள் சம்பளம் ஒரு மாதமாவது தள்ளிப் போனதுண்டா? மூன்றாவது, பிறந்த தேதியை விட்டுவிட்டுப் பட்டம் வாங்கிய தேதியில் இருந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் டெல்லியில் செய்ய வேண்டியது, நம்மால் என்ன ஆகும் என்று விட்டுவிடாதீர்கள். நம்மால் ஆகக்கூடியது இரண்டு இருக்கிறது.

ஒன்று, நம் வாய். கல்யாண வீட்டில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் "ஏங்கண்ணு, இன்னுமா படிச்சிட்டிருக்கறே? எப்பத்தான் செட்டில் ஆவறது?" என்று கேட்கிறோமே, அதை நிறுத்துவோம். அவர்கள் படித்து முடித்து வெகுகாலம் ஆகிறது. வேலைதான் செய்துகொண்டிருக்கிறார்கள். வேலை என்று ஒப்புக்கொள்ளாதது நாடு. அந்தப் பழியைப் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால், "உன் வயலில் இந்த வருடம் என்ன போட்டிருக்கிறாய்?" என்று கேளுங்கள். முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

இரண்டு, நம் கால். மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. உங்களில் பலர் போகிறவர்கள்தான். வாய்க்கால், பயிர்க்கடன், காட்டுப்பன்றி எல்லாம் கேட்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதையும் ஒருவர் எழுந்து கேட்கட்டும். நம் மாவட்டத்து ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி இடங்கள் மொத்தம் எத்தனை, காலி எத்தனை, ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் போன மாதம் உதவித்தொகை வந்ததா? பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். எந்தக் கணக்குத் தலைப்பில் என்ன கேட்டால் மழுப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும்.